முன் சைட் இல்லாத துப்பாக்கி

அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் யாராவது "அண்ணி" என்று கூப்பிட்டால் ஒருத்திதான் திரும்பிப் பார்ப்பாள். அப்படிக் கூப்பிட உறவுமுறையில் உரிமை உள்ளவளும் ஒருத்திதான், அவளுடைய நாத்தனார். மற்றவர்கள் எல்லாம் காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டவர்கள். அவளைவிட மூத்தவரான ரேஞ்ச் பொறுப்பாளர்கூட, "அண்ணி, அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் குடுங்க" என்பார். அவள் புருஷன் எப்போதாவது அந்தப் பக்கம் வந்தால், "எங்கம்மா ரெண்டே ரெண்டுதான் பெத்தா. இங்க எனக்கு இத்தனை தம்பிங்களா!" என்று வாயைப் பிளப்பான்.

அவளுக்கு அங்கே வேலை, கிரிப் என்று அவர்கள் சொல்லும் துப்பாக்கிப் பிடியைச் சுடுகிறவரின் கைக்குப் பொருத்தித் தருவது. அதற்கு முன்னால் செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் இருந்தாள். வெட்டுப்பட்ட காலுக்கு உறை செய்வது லேசான காரியம் இல்லை. ஒரு நூல் பிசகினாலும் தோல் புண்ணாகிவிடும். அங்கே ஒருநாள் கட்டைவிரல் அடியில் கொப்புளத்தோடு ஒரு விளையாட்டுக்காரன் வந்தான். "காலுக்கு இவ்வளவு பார்க்கிறீங்களே, என் கைக்கு ஏதாவது பண்ணுங்களேன்" என்று ஏர் பிஸ்டலின் மரப்பிடியை நீட்டினான். அரத்தால் இரண்டு இழு இழுத்துக் கொடுத்தாள். அவன் போய்ச் சொன்னான், அடுத்தவன் வந்தான். பட்டறை மூடியபோது கிளப்பின் பின்னறையில் ஒரு மேஜையும், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸும் போட்டுக்கொடுத்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

வேலையின் சூட்சுமம் இதுதான். துப்பாக்கிக் குழாயின் நுனியில் ஒரு சின்னத் தகடு நிற்கும், அது முன் சைட். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கும், அது பின் சைட். தகடு பள்ளத்தின் நட்டநடுவில், மட்டம் தப்பாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டை முறுக்கி நிறுத்திவிடலாம்தான். ஆனால் முறுக்கிய கை எந்த நேரமும் நழுவும். அதனால் அண்ணி, "கண்ணை மூடுங்க. கையைத் தூக்குங்க. மூச்சு விடுங்க. இப்ப கண்ணைத் திறங்க. தகடு எங்க நிக்குது?" என்று கேட்பாள். "இடது பக்கம் ஒதுங்கி நிக்குது" என்றால் ஒரு பக்கம் மரத்தைத் தேய்ப்பாள், எதிர்ப்பக்கம் நிரப்பும் பசையான புட்டியை அப்புவாள். "மேல தூக்கிட்டு நிக்குது" என்றால் உள்ளங்கை படும் இடத்தின் சரிவை மாற்றுவாள். மறுபடி கண்ணை மூடச் சொல்வாள். கண் திறக்கும்போது தகடு தானாகப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்வரை விடமாட்டாள். சிலருக்கு ஒரு வாரம் ஆகும். சிலர் அழுதுவிடுவார்கள்.

நாத்தனாரைக் கிளப்பில் கல்லு என்பார்கள். சுடும் கோட்டில் நின்றால் கல் மாதிரி நிற்பாள். ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தாலும் அசையமாட்டாள். கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வந்த புதிதில் ஒரு வருஷம்போல யாரோடும் சரியாகப் பேசவில்லை. கூரியர் ஆபீஸில் கவுன்டர் வேலை. போவாள், வருவாள், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே உறையில் இரண்டு கத்தி என்று ஊர் சொல்லும். இங்கே சண்டை போடக்கூட எதிராளி வாய் திறக்கவில்லை. வீடு அடைத்துக்கிடக்கிறதே என்று, மரக்கட்டைகள் சுமக்க ஆள் வேண்டும் என்ற சாக்கில் அவளை அண்ணி கிளப்புக்கு இழுத்துவந்தாள். யாரோ விளையாட்டாகக் கையில் பிஸ்டலைக் கொடுத்தார்கள். கை சின்னது, பிடி பெரியது. "இருங்க" என்று அண்ணி அரத்தை எடுத்தாள்.

அன்றைக்குப் பிடித்ததுதான். ஐம்பதை எட்டப்போகும் வயதில் கல்லு அணித் தேர்வுக்குப் பெயர் வந்து நின்றாள். கூடப் போட்டியிட்டவர்கள் அவளுக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுக்காரிகள். தினமும் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து ஸ்கூட்டரில் அண்ணியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளப்புக்கு வருவாள். பிடியைத் திருத்திக் கொடுத்து, "எப்படிடி இருக்கு?" என்று அண்ணி கேட்டால், "சரியா இருக்கு அண்ணி" என்பாள். முன்பெல்லாம் நூறு குறை சொன்னவள், கொஞ்ச காலமாக அந்த ஒரே பதில்தான். அண்ணிக்கு அதில் பெருமை தாங்காது. நம் கை இப்போதுதான் பழுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

தேர்வுக்கு முந்தின வாரம் பிடியில் உள்ளங்கைத் தட்டு லேசாக ஆடியது. அண்ணி துப்பாக்கியை மேஜைக்குக் கொண்டுபோனாள். மரத்தூள் படக்கூடாது, அரம் உரசிவிடக்கூடாது என்று முன் சைட் தகட்டைக் கழற்றி ஏப்ரன் பையில் போட்டாள். தட்டை முடுக்கி, தேய்த்து, துணியால் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து வேறொருவர் பிடி இரண்டாகப் பிளந்துவிட்டது என்று கத்திக்கொண்டு வந்தார். அவரைக் கவனித்துவிட்டுத் திரும்பினால் மேஜையில் துப்பாக்கி இல்லை. கல்லு வந்து எடுத்துப்போயிருந்தாள். நல்லது, பிடித்துப் பார்க்கட்டும் என்று, கை துடைக்கும் துணிக்காக அண்ணி ஏப்ரன் பையில் கை விட்டாள்.

விரலில் தகடு தட்டுப்பட்டது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அட அசடே, தகடு இல்லாமல் எதைப் பார்த்துச் சுடுவாள், இந்நேரம் திட்டிக்கொண்டு திரும்பி வருவாள் என்று வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. உள்ளே டப் டப் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணி தகட்டோடு எழுந்து ரேஞ்சுக்குப் போனாள்.

கல்லு தன் தடத்தில் நின்றுகொண்டிருந்தாள். இடக்கண்ணுக்கு முன்னால் மறைப்புத் துண்டு வைத்த கண்ணாடி. வலது கை நீண்டிருந்தது. கை நுனியில் பிஸ்டல், பிஸ்டல் நுனியில் ஒன்றுமே இல்லை, மொட்டைக் குழாய். டப். பக்கத்துத் திரையில் எண் விழுந்தது. ஒன்பது. கையை இறக்கினாள், குண்டைப் போட்டாள், தூக்கினாள். எட்டு. மறுபடி எட்டு. ஒன்பது. ஒன்று ஏழுக்குப் போனது. அடுத்தது நடுவில், பத்து.

அண்ணி அங்கேயே நின்றுவிட்டாள். வேறு யாராவதாக இருந்தால் முதல் குண்டுக்கே துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள். இவள் ஒரு வரிசை முழுக்க முடித்தாள், ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முடித்துவிட்டு துப்பாக்கியை மேடையில் வைத்து, திரும்பி, அண்ணியைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"அண்ணி! கையா உங்க கை! கிரிப் அப்படியே பிடிச்சுக்குது. கண்ணைத் திறந்தா முன் சைட் கரெக்டா பள்ளத்துல உக்காந்திருக்கு!"

அண்ணி பக்கத்தில் போனாள். கையை நீட்டி விரித்தாள். உள்ளங்கையில் தகடு கிடந்தது.

கல்லு கண்ணாடியைக் கழற்றினாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, இடக்கண்ணால் அதைப் பார்த்தாள். பிறகு மேடையில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தாள்.

"எந்த முன் சைட்டுடி?" என்றாள் அண்ணி. "எந்த முன் சைட்டைப் பார்த்த?"

அந்த நேரத்தில் ரேஞ்ச் பொறுப்பாளர் வந்து சேர்ந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவருக்குப் பெயரே விசில். "என்ன அண்ணி, தேர்வுக்கு ஆள் ரெடியா?" என்றார் சந்தோஷமாக.

யோசித்துப் பேசியிருந்தால் அண்ணி அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள். வாய் முந்திக்கொண்டது. "இவளுக்குக் கண்ணு தெரியல."

விசில் சிரித்தார். அப்புறம் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். குழாய் நுனியைத் தடவினார். திரையில் இருந்த எண்களைப் பார்த்தார், கல்லுவைப் பார்த்தார், மறுபடி நுனியைத் தடவினார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை பழக்கத்தில் விசிலை வாயில் வைத்து ஊதிவிட்டார். எல்லாத் தடத்திலும் ஆட்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, என்னமோ விபத்து என்று பின்னால் ஒதுங்கி நின்றார்கள். அத்தனை பேர் பார்க்க விசில் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

கல்லு அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். முறிந்த கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போதுகூட அவள் முகத்தில் அண்ணி அப்படி ஒரு பார்வையைக் கண்டதில்லை.

"வலது கண்ணு மட்டும்தான்" என்றாள் மெதுவாக. "நடுவுல மட்டும்தான்."

அண்ணி துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். நாத்தனாரின் கையிலிருந்த ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. இரண்டு பேரும் வண்டியைக் கிளப்பிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் கல்லு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தினம் தினம் இவள் முதுகைக் கட்டிக்கொண்டு, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், ஊர்க்கதை பேசிக்கொண்டு போனோமே! ஊசியில் நூல் கோக்க முடியாமல் தூக்கிப்போட்டாள், சோம்பேறி என்றோம். டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றினாள், நினைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டோம். பேப்பர் படிக்கும்போது தலையைச் சாய்த்தாள், "என்னடி கோழி மாதிரி பார்க்குற" என்று வீடே சிரித்தது. செயற்கைக் கால் வைத்து நடந்தவர்களின் எலும்பு எங்கே உறுத்துகிறது என்று முகத்தைப் பார்த்தே சொன்னவள் நான். ஒரே கூரைக்கடியில் இருப்பவளின் கண் எனக்குத் தெரியாமல் போனதே.

கண் ஆஸ்பத்திரியில் மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். பிறகு டாக்டரம்மா கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டினார். "இடது கண்ணை மூடிக்குங்க. கட்டத்துக்கு நடுவுல கருப்பா ஒரு புள்ளி இருக்கா?"

"புள்ளியா? எங்க?"

"கோடெல்லாம் நேரா இருக்கா?"

"நடுவுல குழிஞ்சு உள்ள போகுது. அங்க ஒண்ணும் இல்ல."

நாற்காலியில் இருந்த அண்ணி கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அது கடுகளவுச் சின்னப் புள்ளி அல்ல, தாளில் பட்டாணி அளவு இருந்தது.

கண்ணுக்குள் பின்பக்கத் திரையின் நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்பார்கள். குமிழி மேலே எழும்பி ஓட்டையை அழுத்த வேண்டும், அதனால் பல நாள் முகம் தரையைப் பார்த்தபடியே கிடக்க வேண்டும். "இது நேத்து வந்தது இல்லம்மா. மாசக்கணக்கா இருக்கு. அப்பவே வந்திருந்தா நிறையத் திரும்பியிருக்கும். இப்ப வர்றது வரட்டும். இன்னொரு கண்ணு நல்லா இருக்கு, அதுக்குச் சந்தோஷப்படுங்க."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அண்ணன்காரன் தங்கச்சியின் தலையில் கை வைத்தான், எடுத்தான். நேராகக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். வெகுநேரம் வாளி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது சட்டை நனையவே இல்லை, முகம் மட்டும் வீங்கியிருந்தது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த கல்லு குப்புறக் கிடந்தாள். தலையணையில் முகம் புதைந்து மூச்சு முட்டியது. அண்ணி பழக்கப்பட்ட வேலையைச் செய்தாள். நெற்றிக்கும் கன்னத்துக்கும் அச்சு எடுத்து, மரத்தில் சட்டம் அடித்து, பஞ்சு வைத்து முகத்தைத் தாங்க ஒரு ஏந்தல் செய்து கட்டிலின் தலைமாட்டில் முடுக்கினாள். கல்லு முகத்தை அதில் வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவள் அண்ணியோடு ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

"தாடை கிட்ட அழுத்துது" என்றாள்.

அண்ணி அவசரமாகப் பஞ்சைக் குறைத்தாள். "இப்ப?"

"இப்ப இல்ல."

அண்ணி தரையில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்தாள். அப்படிப் படுத்தால்தான் கட்டிலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த அந்த முகம் தெரிந்தது. ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண் அவளைப் பார்த்தது.

"ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

"அதுக்கு முன்னாடி?"

"துப்பாக்கியைப் பூட்டியிருப்பேன்" என்றாள் அண்ணி.

"அதான். புருஷன் வீட்டுல இருந்தப்போ, உன்னால என்ன முடியும்னு தினமும் கேட்டாங்க. இங்க வந்தப்புறம் யாரும் கேட்கல. ஆனா நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். அந்தக் கோட்டுல நின்னா மட்டும் கேள்வி வராது அண்ணி. தேர்வு முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு நினைச்சேன். இந்த மாசம், அடுத்த மாசம்னு..."

"பார்க்காம எப்படிடி சுட்ட? அதைச் சொல்லு முதல்ல."

கல்லு லேசாகச் சிரித்தாள். முகம் ஏந்தலில் இருந்ததால் அது கோணலாகத் தெரிந்தது. "ஓரத்துல எல்லாம் தெரியும். எதிர்ல வெள்ளையா இலக்கு அட்டை தெரியும். நடுவுல மட்டும் மங்கல். ஆரம்பத்துல ரொம்பத் தேடினேன். தேடத் தேடக் கை நடுங்கிச்சு. ஒருநாள் தேடுறதை விட்டுட்டேன். கண்ணை மூடித் தூக்கினா கை எங்க போய் நிக்கணுமோ அங்க போய் நிக்குது. நீங்க செஞ்ச கிரிப் அப்படி. கொஞ்சம் மோசமா இருந்திருந்தா ஒரு வாரத்துல மாட்டியிருப்பேன்."

பாராட்டாகத்தான் சொன்னாள். அண்ணியால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மரத்தைத் தேய்த்துத் தேய்த்து, பார்க்கத் தேவையே இல்லாதபடி ஒரு பிடியைச் செய்து இவள் கையில் கொடுத்தது யார்? இவள் ஒளிந்துகொள்ள இடம் கட்டிக்கொடுத்தது யார்? ஒரு நூல் பிசகியிருந்தால் மதிப்பெண் விழுந்திருக்கும், விசில் கேட்டிருப்பார், டாக்டர் சொன்ன அந்த 'அப்பவே' கிடைத்திருக்கும். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அங்கேயே நின்றாள்.

"அண்ணி, கோவமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உன் மேல இல்லடி" என்றாள் அண்ணி.

தேர்வு அவர்கள் இல்லாமல் நடந்தது. பக்கத்துத் தடத்துப் பெண் அணிக்குப் போனாள். அவளுடைய பிடியும் அண்ணி செய்ததுதான். குமிழி கரைந்து, கட்டுப் பிரித்த பிறகு ஓட்டை அடைபட்டிருந்தது. ஆனால் வலது கண்ணுக்குக் கோடுகள் நிமிர்ந்ததே தவிர மெல்லிய எதுவும் துல்லியமாகத் தெரியவில்லை. முன் சைட் போய்விட்டது என்று டாக்டரம்மாவிடம் கல்லு தானே சொன்னாள், ஏதோ ரயில் போய்விட்டது என்பதுபோல.

அண்ணி சில வாரம் அரத்தைத் தொடவில்லை. பிடி கேட்டு வந்தவர்களை, "கை சரியில்ல, அப்புறம் வாங்க" என்று அனுப்பினாள். விசில் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவர் முகத்திலும் இன்னும் அன்றைய திகைப்பு இருந்தது. "எனக்கும் தெரியலையே அண்ணி. தினமும் பின்னாடி நின்னேன். நீங்க பாட்டுக்கு வேலையை விட்டுட்டா நான் என்ன செய்யுறது, பல்லால கடிச்சா கிரிப் தேய்க்கிறது?" என்றார். அதன் பிறகு அண்ணி கிளப்புக்குத் திரும்பிப் போனாள். ஆனால் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. சுடுகிறவரிடம் சொல்லாமல் தடித்த தகட்டைப் போடுவாள், மெல்லியதைப் போடுவாள், கோணலாக மாட்டுவாள். "என்ன தெரியுது, படம் வரைஞ்சு காட்டுங்க" என்பாள். பாதிப் பேருக்கு எரிச்சல் வரும். வரட்டும் என்று பென்சிலை நீட்டுவாள்.

நல்ல கண் இடதுதான் என்பதால், அண்ணி கல்லுவுக்கு இடது கைக்குப் பிடி செய்தாள். இடது கை அவளுக்குச் சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை. மூன்று மரக்கட்டைகள் வீணாயின. ஒருநாள், "இதை அடுப்புல போடுங்க, என்னையும் சேர்த்துப் போடுங்க" என்று கத்தினாள். அண்ணியும் பதிலுக்குக் கத்தினாள். சண்டை தெருவரைக்கும் கேட்டது. அண்ணன்காரன் நடுவில் வந்து இருவரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டு போனான். இத்தனை வருஷத்தில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடந்த முதல் உருப்படியான சண்டை அது.

அடுத்த வருஷம் உள்ளூர்ப் போட்டியில் கல்லு இடது கையால் சுட்டாள். கடைசிக்கு முந்தின இடம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள், பொழுது சாயும்வரை தூங்கினாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "எனக்குப் பின்னாடியும் ஒருத்தி இருந்தா அண்ணி, அவ இருபது வயசுக்காரி" என்றாள். மறுநாள் ஆபீஸ் முடிந்ததும் இருவரும் கிளப்புக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள்.